அரிசிக்குப் போவதற்கு முன்னால் பருத்திக்காரர்களைக் கேளுங்கள்

மத்திய வேளாண் அமைச்சகத்துக்கும், சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இயங்கும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவுக்கும்,

2025 மே 4-ஆம் தேதி டெல்லியில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தீர்கள். மரபணுவில் திருத்தம் செய்து உருவாக்கியவை, உலகத்திலேயே நாம்தான் முதலில் செய்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஒன்று பூசா டி.எஸ்.டி., இன்னொன்று கமலா. கமலா என்று பெயர் வைத்த ரகம் சம்பா மசூரியிலிருந்து வந்தது. சம்பா மசூரி என்றால் எங்கள் பக்கத்தில் பலருக்குப் புரியாது. பி.பி.டி. என்றால் புரியும், டீலக்ஸ் பொன்னி என்றால் இன்னும் நன்றாகப் புரியும். இன்று மதியம் எங்கள் வீட்டில் வடித்த சோறும் அதுதான்.

நான் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி போடுகிறவள். எங்களுக்கு நெல் வயல் கிடையாது. ஆனால் மரபணு மாற்றிய விதை ஒரு ஊருக்குள் வந்தால் முதல் வருஷம் என்ன நடக்கும், பத்தாவது வருஷம் என்ன நடக்கும் என்பதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். நெல் விஷயத்தில் எங்களை நீங்கள் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் பருத்தி விதையைக் கடையில் வாங்கும் பழக்கமே இல்லை. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்திதான். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் விட்டுவிட்டு, நடு எடுப்பில் நன்றாக வெடித்த காயாகப் பார்த்து அத்தை தனியாக மடியில் போட்டுக்கொள்வார். கொட்டையைக் கையாலேயே பிரித்து, வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் போட்டு வாயைக் கட்டி வைப்பார். புரட்டாசியில் மழை முகம் தெரிந்ததும் பானை கீழே இறங்கும். கருங்கண்ணிக் கொட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே விதைத்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கையை விட்டு இறங்காது. அதனால் சாணிக் கரைசலை ஊற்றி, மேலே செம்மண்ணைத் தூவி, தரையில் வைத்து உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியாக உருண்டு வரும். அந்தத் தேய்க்கிற வேலை என்னுடையது. எது பொக்கு, எது திரட்சி என்று தேய்க்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் மில்காரர்கள் நீள இழை கேட்டார்கள். நாங்களும் பாதிக் காட்டை நீள இழை ரகத்துக்கு மாற்றி, பச்சைக் காய்ப்புழுவிடம் மாட்டிக்கொண்டோம். ஒரு வெள்ளாமைக்கு ஏழெட்டுத் தடவை மருந்து அடித்த காலம் அது. இந்த நிலைமையில்தான், காய்ப்புழுவைக் கொல்லும் மண் பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்த பி.டி. பருத்தி வந்தது. 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தீர்கள், முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2007-ல்.

முதல் மூன்று வருஷம் நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். மருந்துச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மூன்று வருஷமும் நாங்கள் பானையை இறக்கவில்லை, காடு முழுக்க பாக்கெட் விதைதான். நான்காவது வருஷம் ஏதோ நினைப்பில் பானையைத் திறந்து, நூறு கொட்டையை எண்ணி நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தேன். நான்கு முளைத்தது. அத்தை அப்போது உயிரோடு இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த பாக்கெட்டோடு 120 கிராமில் ஒரு சின்ன பாக்கெட்டும் வரும். அது எதற்கு என்று கடைக்காரரும் சொல்லவில்லை, ஆய்வுக்கு வந்த அலுவலரும் சொல்லவில்லை. முளைக்காத குழிக்கு ஊன்றத்தான் போல என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் அதை வரப்பிலேயே வீசிவிட்டுப் போவார். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது பி.டி. இல்லாத சாதா விதை. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கோ, எது அதிகமோ அந்த அளவுக்கு அதைப் போட்டிருக்க வேண்டும். சாதாச் செடியைத் தின்று வளரும் புழு, பி.டி.யைத் தின்றும் சாகாமல் பழகிய புழுவோடு கலந்தால்தான் பழக்கம் ஊரெல்லாம் பரவாமல் இருக்குமாம். உங்கள் அனுமதியே இந்த நிபந்தனையின் மேல்தான் நின்றது. அதை எங்கள் காதில் போடுவது யார் வேலை என்று மட்டும் எங்கேயும் முடிவாகவில்லை.

புழு பழகிவிட்டது. 2010-லேயே குஜராத்தில் நான்கு மாவட்டங்களில் முதல் தலைமுறை பி.டி.க்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிவிட்டது என்று அந்த மரபணுவைக் கொண்டுவந்த மான்சான்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு வைத்த அடுத்த தலைமுறையும் அதற்குப் பின் அதிக நாள் தாங்கவில்லை. எங்கள் காட்டில் அதை முதலில் பூவில்தான் பார்த்தேன். விரிய வேண்டிய பூ, இதழை யாரோ நூலால் கட்டியது போலச் சுருண்டு நின்றது. பிரித்தால் உள்ளே புழு. காய் வெளியில் பார்க்கப் பச்சையாக, கல் மாதிரி இருக்கும். வெடிக்கிற நேரத்தில் பாதி வெடித்து, சுளை கறுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். எடுக்கப் போன பெண்கள் கூலிக்கே பயந்தார்கள், எடையில் ஒன்றும் நிற்காது என்று. மருந்துக் கடையில் மறுபடியும் கணக்கு வைத்தோம். 2020-ல் நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தியும் கிளென் டேவிஸ் ஸ்டோன் என்ற ஆய்வாளரும் இருபது வருஷக் கணக்கை எடுத்து, பி.டி. வருவதற்கு முன்னால் செலவழித்ததைவிட விவசாயிகள் இப்போது பூச்சிமருந்துக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று எழுதினார்கள். எனக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. கடைக்காரர் கொடுத்த பில் இருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்களே, அவர்கள் அடித்ததும் பி.டி. பருத்திக்குத்தான்.

சரி, ஒரு ரகம் தோற்றால் விவசாயி வேறு ரகத்துக்குப் போவான், அது எப்போதும் நடப்பதுதான் என்று நீங்கள் சொல்லலாம். நான் இந்த மடல் எழுதுவதே அந்த இடத்தைப் பற்றித்தான். போவதற்கு ரகம் இல்லை. பூ சுருண்ட மறு வருஷம் பி.டி. இல்லாத விதை வேண்டும் என்று எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினோம். “கம்பெனிக்காரங்க அதை அனுப்புறதையே நிறுத்திட்டாங்கம்மா” என்றார்கள். நாட்டில் பருத்தி போடும் பரப்பில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பி.டி. ஆகிவிட்ட பிறகு, மற்றதைப் பெருக்கி விற்க யாருக்கும் லாபம் இல்லை. அரசு விதைப் பண்ணை அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு பெரியவரிடம் இரண்டு கிலோ கருங்கண்ணி வாங்கி வந்து அரை ஏக்கரில் போட்டோம். செடி நன்றாக நின்றது. தத்துப்பூச்சிகூட அதை அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் வியாபாரி இழை குட்டை என்று விலையைக் குறைத்தார், மூட்டையைத் தனியாக வைக்க இடமில்லை என்று மற்ற பருத்தியோடு கொட்டிவிட்டார். ஆக விதைப் பக்கமும் கதவு அடைத்திருந்தது, விற்கிற பக்கமும் அடைத்திருந்தது.

இந்தக் கதவு தானாக அடைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா, சீனா, ஆஸ்திரேலியாவில் பி.டி. பருத்தி பெரும்பாலும் கலப்பினம் அல்லாத ரகமாகத்தான் வந்தது, நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கலப்பினமாகவே விட்டார்கள். கலப்பின விதையை எடுத்து வைத்து மறு வருஷம் போட்டால் அதே செடி வராது. ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போயே ஆக வேண்டும். விதை விலை அதிகம் என்பதால் இடைவெளி விட்டு ஊன்றுகிறோம், அதனால் செடி நீண்ட நாள் நிற்க வேண்டியிருக்கிறது, நீண்ட நாள் நின்றால் இளஞ்சிவப்புப் புழுவுக்குத்தான் விருந்து. 2006-ல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகுதான், ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் விற்ற 450 கிராம் பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது. இப்போது 475 கிராம் பாக்கெட்டுக்கு நீங்களே உச்சவிலை வைக்கிறீர்கள், 2025-26-க்கு 901 ரூபாய். விலையைக் கட்டுப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் வாங்காமல் இருக்க முடிகிற நிலைமை விலைக் கட்டுப்பாட்டால் வருவதில்லை.

விவசாயி எடுத்து வைத்து விதைக்கக்கூடிய ஒரு பி.டி. ரகத்தை அரசு ஆராய்ச்சி நிலையமே கொண்டுவந்தது, பிகானேரி நர்மா. அந்த விதையில் மான்சான்டோவின் மரபணு கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் விற்பனையை நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பதிலாக அப்படி இன்னொன்றை விவசாயி கைக்குக் கொண்டுவந்து சேர்க்க உங்களுக்கு ஏன் இத்தனை வருஷம் போதவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இப்போது உணவுக்கு வருகிறேன். இந்தியாவில் மரபணு மாற்றிய உணவுப் பயிர் எதுவும் விவசாயத்தில் இல்லை, பருத்தி மட்டும்தான் என்று எப்போதும் சொல்கிறீர்கள். மதுரைக்கு வந்து பாருங்கள். சாயங்காலமானால் தெரு முனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பார்கள். பருத்திக் கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் வெல்லமோ கருப்பட்டியோ சுக்கும் போட்டுக் காய்ச்சுவது. சளிக்கு நல்லது, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நானே குடித்திருக்கிறேன், என் மகளுக்கும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கொட்டை இன்றைக்கு எந்தக் காட்டிலிருந்து வருகிறது? மாட்டுக்கு ஆட்டி வைப்பதும் அதே கொட்டைதான், பிண்ணாக்கும் அதுதான். பருத்திக்கொட்டை எண்ணெய் வட மாநிலங்களில் சமையலுக்கும் போகிறது. இது விஷம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அறிவியல் என்னிடம் இல்லை. பருத்திப்பாலைக் காய்ச்சிக் குடிக்கிற ஜனங்களை மனதில் வைத்து யாராவது சோதித்திருந்தால் அந்த அறிக்கையைத் தமிழில் எங்கள் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் 24 வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 முதல் கேட்கிறது. உள்ளூர்க் கொட்டையைக் குடிக்கிற எங்களுக்கு ஒரு தகவலும் கிடையாது.

இதே அரசு ஒரு தடவை எங்களைக் கேட்டிருக்கிறது. பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் உங்கள் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் பொதுக் கருத்துக் கேட்டார். விவசாயிகள், விஞ்ஞானிகள், சமைக்கிற பெண்கள் எல்லாரும் பேசினார்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார், வேலூர் முள்ளுக்கத்தரி உட்பட எத்தனை கத்தரி நம்மிடம் இருக்கிறது என்று. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் அதை நிறுத்தி வைத்தார். நாடு ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை, கத்தரிக்காயும் தீர்ந்துபோகவில்லை.

நெல்லுக்கு மட்டும் ஏன் அந்த வழி இல்லை? 2022 மார்ச் 30 அன்று ஓர் உத்தரவு போட்டு, வெளி மரபணு சேர்க்காமல் திருத்தம் மட்டும் செய்த பயிர்களை மரபணு மாற்றப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியமான பிரிவுகளிலிருந்து விலக்கிவிட்டீர்கள். வேறு உயிரின் மரபணு உள்ளே இல்லை, இயற்கையில் நடக்கக்கூடிய மாற்றம்தான் என்பது உங்கள் வாதம். பருத்தியில் மண் பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது, இந்த நெல்லில் அப்படி இல்லை, இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் விதை யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே. மரபணுவை வெட்டப் பயன்படுத்தும் கிரிஸ்பர் முறையின் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் கம்பெனிகளிடமும் இருக்கின்றன. நம் விஞ்ஞானிகள் நம் பணத்தில் உருவாக்கிய ரகத்தை நம் விவசாயி எடுத்து வைத்து விதைக்க, அடுத்தவருக்கு ஒரு மரக்கால் கொடுக்க, யாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்? 19 சதவீதம் கூடுதல் விளைச்சல், 20 நாள் முன்னதாக அறுவடை என்பதைச் சொன்ன அதே மேடையில் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இது வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட சின்ன விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ன் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பிராண்ட் போடாமல் விற்கவும் உரிமை தந்திருக்கும்போதே இது நடந்தது. நாடே சத்தம் போட்ட பிறகு வழக்கை வாபஸ் வாங்கினார்கள். டௌவும் டுபாண்டும் சேர்ந்தது, சின்ஜெண்டாவைச் சீன நிறுவனம் வாங்கியது, 2018-ல் மான்சான்டோவை பேயர் வாங்கியது என்று விதையும் பூச்சிமருந்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய கைகளுக்குப் போய்விட்டன. புழு பழகினால் அவர்களுக்கு மருந்து விற்கும், பழகாவிட்டால் விதை விற்கும்.

2024 ஜூலை 23 அன்று மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் தீர்ப்பில் மாறுபட்டார்கள். ஆனால் மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும், அதை மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து உருவாக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாகவே நின்றார்கள். எங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ அதைப் பற்றிக் கேட்டு ஒருவரும் வரவில்லை. 2025 நவம்பரில் வந்த விதை மசோதா வரைவுக்கும் கருத்துச் சொல்ல ஒரு மாதம்கூட முழுசாகத் தரவில்லை. அது எங்களுக்கு விதைப்பு முடிந்து களையெடுக்கும் மாதம்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

2022 மார்ச் 30 விலக்கைத் திரும்பப் பெறுங்கள். கமலாவையும் பூசா டி.எஸ்.டி.யையும் விவசாயிகள் கைக்கு விடுவதற்கு முன்னால், அவற்றின் சோதனை முடிவுகள் முழுவதையும், காப்புரிமை யாரிடம், என்ன நிபந்தனையில் என்ற ஒப்பந்தங்களையும் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிடுங்கள். விவசாயி எடுத்து வைத்து விதைக்க முடியாத எந்த நெல்லுக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

பருத்திக்கு ஒரு கதவைத் திறந்து விடுங்கள். கோவில்பட்டியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கருங்கண்ணியும் அங்கே உருவான மற்ற ரகங்களும் வருஷா வருஷம் ஆவணிக்குள் வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்க வேண்டும், கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லாத அளவுக்கு. குட்டை இழைப் பருத்தியைத் தனியாக எடை போட்டு வாங்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். இது இல்லாமல் விதை மட்டும் கொடுத்தால் என் அரை ஏக்கர் கதைதான் எல்லாருக்கும்.

மரபணுத் தொழில்நுட்பம் தோற்றால் இழப்பீடு கொடுப்பது அதை விற்றவர் பொறுப்பு என்று விதைச் சட்டத்தில் எழுதுங்கள். வழக்குப் போட்டு நிரூபிக்கிற வேலையை எங்கள் தலையில் வைக்காதீர்கள். பருத்திக் கொட்டையையும் எண்ணெயையும் மனிதர் உண்ணும் பொருளாக எடுத்து ஆராய்ந்து, முடிவு என்னவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கடைசியாக, கத்தரிக்காய்க்கு வைத்தது போல நெல்லுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் வையுங்கள். சென்னையில் ஓட்டலில் வைக்க வேண்டாம், மாவட்டத்தில் வையுங்கள், தமிழில் நடத்துங்கள், பேசுவதை எழுதிக்கொள்ள ஆள் இருக்கட்டும். தேதியை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். மாசி, பங்குனி மட்டும் வேண்டாம். அப்போது பருத்தி எடுப்பு, பெண்கள் யாரும் வர முடியாது.

இப்படிக்கு,
ஒரு பருத்தி விவசாயி
விருதுநகர் மாவட்டம்